நீர்ச்சில்லு முதல் நுண்செயலி வரை: மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் சிறுவிசை பெருவிசையை ஆண்ட வரலாறு

பெருந்திருவிழாக்களில் வடம்பிடித்துத் தேரிழுப்போர் நூற்றுக்கணக்கினராவர். ஆயினும், அத்தேரை வீதியின் மூலையில் திருப்புவதும் ஓடுங்கால் நிறுத்துவதும் சில்லின்கீழ் முட்டுக்கட்டை இடுகின்ற ஒருவருடைய கைத்திறனிலேயே தங்கியுள்ளன. அவர் செலுத்தும் விசை, இழுப்போர் விசையில் நூற்றிலொரு கூறும் ஆகாது. எனினும் ஏவல் அவருடையதே. பெருவிசையை ஆக்குவது ஒரு வினை. அதனைச் சிறுவிசையொன்றினால் ஆள்வது பிறிதொரு வினை. கைத்தொழில் வரலாறு எழுதினோர் பலரும் முன்னதையே விரித்துப் பேசினர். நீராவியின் பெருமையும் மின்சாரத்தின் பெருமையும் நாம் நன்கு அறிந்தவை. பின்னதன் வரலாற்றை எமது மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்று வரலாறு கற்பிக்கும் ஒருவன் மின்மோட்டரைப் பற்றி எழுதப் புகுவதேன் என வாசகர் வினவக்கூடும். அதற்கொரு காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பெற்ற பின்னர், மலைநாட்டுப் பாடசாலைகள் சிலவற்றிலும் மாணவர் கைகளுக்கு நுண்செயலி பொருந்திய சிறு பலகைகள் வந்து சேர்ந்தன. யான் கற்பித்த பாடசாலையொன்றில், தேயிலைத் தொழிற்சாலையின் மாதிரியொன்றை அமைக்க முனைந்த மாணவர் இருவர், விளையாட்டு மோட்டரொன்றை அத்தகைய பலகையின் முனையில் நேரே இணைத்துவிட்டனர். மோட்டர் ஒருமுறை முனகியது. பலகை நிரந்தரமாக மௌனமாயிற்று. பல மாதம் சேர்த்த பணத்தால் வாங்கிய பொருளாதலின் பிள்ளைகள் கண்கலங்கினர். அவர்களுள் ஒருவன், “சேர், எல்லாம் நாங்கள் சொன்னபடி செய்யும் என்றார்களே, ஏன் இந்தச் சின்ன மோட்டரைச் சுற்ற ஏலாமற் போனது?” என்று என்னைக் கேட்டான். விஞ்ஞான ஆசிரியர் அன்று விடுமுறையில் இருந்தார். எனக்கு விடை தெரியவில்லை. அவ்விடையைத் தேடிச் சென்ற வழியிலேதான் எங்கள் தோட்டங்களின் வரலாற்றையும் புதிதாகக் கண்டேன்.

ஸ்கொத்லாந்தினரான ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் கண்டிப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டுகளின் பின் கோப்பியில் இலைத்துரு நோய் தோன்றிப் பரவவே, தோட்டமெங்கும் தேயிலை கோப்பியின் இடத்தைப் பற்றிக்கொண்டது. டெயிலரின் முதல் தொழிற்சாலை அவர்தம் பங்களாவின் விறாந்தையே ஆகும். அங்கே கொழுந்தை மேசைமேல் இட்டுக் கைகளால் உருட்டினர். களிமண் அடுப்பில் கரியனல் மூட்டிக் காய்ச்சினர். அக்காலத்தில் விசையை ஆக்கியதும் கையே, ஆண்டதும் கையே. உருட்டுவோர் களைத்தால் உருட்டல் தளரும். வேண்டாமெனிற் கையை எடுத்தாற் போதும்.

பின்னர் பொறிகள் வந்தன. வில்லியம் ஜக்சன் 1870களில் அசாமில் அமைத்துப் பின் திருத்திய உருட்டுப் பொறிகளும், சாமுவேல் டேவிட்சன் பெல்பாஸ்ற் நகரில் செய்வித்த ‘சிரொக்கோ’ உலர்த்திகளும் இங்கு வந்து சேர்ந்தன. புகையிரதம் 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியதன்பின் பாரமான இரும்புப் பொறிகளை மலையேற்றுதல் எளிதாயிற்று. அவற்றைச் சுழற்றுவதற்கு மலையருவிகள் இருந்தன. நீர்ச்சில்லும், பின்னர் நீர்ச்சுழலியும், அருவியில்லாவிடத்து நீராவி எந்திரமும் எண்ணெய் எந்திரமும் தொழிற்சாலையின் இதயமாயின. கண்டிக்கணித்தான ஹந்தானையில், 1925இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டடத்தில் இன்று தேயிலை நூதனசாலை இயங்குகின்றது. அதன் கீழ்த்தளத்திலே அவ்வெந்திரங்களை வரிசையாகக் காணலாம். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் மேல்தளத்துப் படங்களுடன் திரும்பிவிடாமல் அங்கேயே சிறிதுநேரம் நிற்பார்களாக.

சுழலும் பெருஞ்சில்லை எம்மக்கள் ‘ரோதை’ என்றனர். போர்த்துக்கேயர் மொழியில் சில்லைக் குறிக்கும் சொல் சிங்களத்திற் புகுந்து, அங்கிருந்து தோட்டத்தமிழுக்கு வந்தது. சொல் வந்த வழி எதுவாயினும் பொருளை எம்மக்கள் தமதாக்கிக்கொண்டனர். கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துச்சாமி இருப்பதுபோலத் தொழிற்சாலைக்கு ‘ரோதைமுனி’ என்றொரு காவற்றெய்வத்தை நிறுவி வழிபட்டனர். இதனை அறியாமையென ஒதுக்குவோரும் உளர். பொறி எவ்வாறு இருந்தது என்பதை அறிந்தால் அவர் அவ்வாறு கூறார்.

அக்காலத் தொழிற்சாலையில் எந்திரம் ஒன்றே. அது கட்டடத்தின் ஒரு கோடியில் இருக்கும். அதிலிருந்து நீண்டதோர் இரும்பு அச்சுத்தண்டு தலைக்குமேலே கட்டடத்தின் நீளம் முழுவதும் ஓடும். அதிற் பொருத்திய கப்பிகளிலிருந்து வார்ப்பட்டிகள் இறங்கி உருட்டுப்பொறி, சல்லடை, உலர்த்தி, காற்றாடி என்னும் எல்லாவற்றையும் சுழற்றும். எந்திரம் ஓடினால் யாவும் ஓடும். ஒரு பொறியை மட்டும் நிறுத்த வேண்டின், இறுகு கப்பியிலிருந்து இளகு கப்பிக்கு வார்ப்பட்டியைக் கவைக்கோலினாலே தள்ளவேண்டும். அதற்குத் தோள்வலியும் நிதானமும் வேண்டும். நள்ளிரவில், அரைத்தூக்கத்தில் அவை இரண்டும் அரிது. கொழுந்து பகலிற் பறிக்கப்பட்டு இரவெல்லாம் வாடி, விடியுமுன்னரே உருட்டலுக்கு ஆயத்தமாவதால், தொழிற்சாலையின் கடுவேலை இருளிலேயே நடந்தது.

என் தந்தையார் இளமையில் அத்தகைய தொழிற்சாலையொன்றில் உருட்டுப்பொறி அருகே வேலைசெய்தவர். அவருடன் நின்ற ஒருவரின் தோளிற் கிடந்த துண்டு வார்ப்பட்டியிற் சிக்கியது. கூவிய குரல் அச்சுத்தண்டின் இரைச்சலில் அமிழ்ந்தது. எந்திர அறைக்கு ஓடி, எண்ணெய் எந்திரத்தை நிறுத்தச் சொல்லி, அது தன் பாரச்சில்லின் வேகத்தால் மேலுஞ் சிலகாலம் சுழன்று ஓய்வதற்குள் அவர் கை முழங்கைக்கு மேல்வரை போய்விட்டது. யான் சிறுவனாயிருந்தபோது அவர் எங்கள் லயத்துத் திண்ணையில் ஒற்றைக்கையாற் சுருட்டுப் பற்றவைப்பதை வியப்போடு பார்த்திருக்கிறேன். “கைக்கும் எந்திரத்துக்கும் நடுவில ஐம்பது யார் தூரம் இருந்துச்சு தம்பி” என்று அவர் கூறுவார். இக்கட்டுரையில் யான் சொல்லவிருப்பன யாவும் அந்த ஐம்பது யார் தூரம் எவ்வாறு குறுகியது என்பதன் விரிவே எனலாம்.

எந்திரமே தன்னைத் தான் ஆளுமாறு செய்யும் முதல் முயற்சி தோட்டத்துக்கு வெகுமுன்னரே நிகழ்ந்தது. 1788இல் ஜேம்ஸ் உவாற்று தம் நீராவி எந்திரத்துக்கு இரு குண்டுகள் சுழலும் ஆளியமைப்பொன்றைப் பொருத்தினார். எந்திரம் விரைந்தால் குண்டுகள் அகன்றுயரும். உயர்ந்தால் நீராவி வாயில் ஒடுங்கும். ஒடுங்கினால் வேகம் தணியும். சில இறாத்தல் நிறையுள்ள குண்டுகள் பெரும் எந்திரமொன்றை அடக்கின. இத்தகைய ஆளிகளைக் கணிதமுறையில் ஆராய்ந்த மாக்சுவெல் என்னும் பேரறிஞரின் கட்டுரை வெளிவந்தது 1868இல், அதாவது லூல்கந்துரத்திலே தேயிலை நட்டதற்கு அடுத்த ஆண்டில். நீர்மின்னிலையங்களின் ஆளிகள் இதே முறையில் ஒருபடி மேற்சென்றன. அவற்றிற் குண்டுகள் நீர்வாயிலை நேரே அசைக்கா; எண்ணெய்க்குழாயொன்றின் சிறு அடைப்பை மட்டுமே அசைக்கும். அழுத்தத்திலுள்ள எண்ணெய் பாய்ந்து சென்று பெருவாயிலைத் திறக்கும், மூடும். ஏவுவது ஒன்று, உழைப்பது வேறொன்று என்னும் பாகுபாடு இங்கே தெளிவாகப் பிறந்துவிட்டது.

மின்சாரம் மலைநாட்டுக்கு வந்த கதையிலே டி. ஜே. விமலசுரேந்திராவின் பெயரை மறத்தலாகாது. 1912இல் நானுஓயாவை அடுத்த பிளக்பூல் என்னுமிடத்தில், நுவரெலியா நகருக்கு ஒளியூட்டச் சிறு நீர்மின்னிலையமொன்றை அவர் அமைத்தார். 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் படித்த கட்டுரை, கெஹெல்கமு ஓயாவையும் மஸ்கெலியா ஓயாவையும் கொண்டு நாடு முழுவதற்கும் வலு ஆக்கலாம் என்று காட்டியது. அதிகாரிகள் அதனைப் பொருட்படுத்தாது காலங்கடத்தினர். 1920களில் தொடங்கிய வேலை இடையிடையே நின்றது. ஈற்றில் 1950ஆம் ஆண்டில் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. அதனைக் கண்ட மூன்றாண்டுகளில், 1953இல், அவர் காலமானார். அவர்பெயர் பூண்ட நிலையம் காசல்ரீ நீர்த்தேக்கத்தின்கீழ் 1965இல் எழுந்தது. பின்னர் மவுசாகலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரையே விழுங்கிற்று. நீர் மிகவும் வற்றும் ஆண்டுகளில் பழைய கோயிலின் இடிபாடுகள் தலைகாட்டுவதை எம்மூரார் சென்று கண்டு வணங்கித் திரும்புவர்.

வரலாற்று மாணவன் இவ்விடத்தில் ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது 1948இல். லக்சபான ஒளிர்ந்தது 1950இல். மலையின் நீரால் ஆகிய மின்சாரம் அம்மலையின் லயங்களைக் கடந்து கொழும்பு நோக்கிச் சென்றது. தொழிற்சாலைக்கு மின்சாரம் வந்தது. பெரியதுரை பங்களாவுக்கு வந்தது. நூறு பாகம் தள்ளியிருந்த லயத்தில் மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே எரிந்தது. என் பன்னிரண்டாம் வயதுவரை யானும் அக்குப்பிவிளக்கிலேயே படித்தேன். கூரைக்குமேலே மின்கம்பிகள் மழைநாளிற் சீறும் ஒலி இன்றும் என் காதில் உள்ளது.

இனித் தொழிற்சாலைக்குள் மீள்வோம். தெஸ்லா 1888இல் உரிமம் பெற்ற தூண்டல் மோட்டரும், அடுத்த ஆண்டில் தொலிவோ தொப்ரொவொல்ஸ்கி அமைத்த மூவவத்தை மோட்டரும் உலகெங்கும் அச்சுத்தண்டுகளை வீழ்த்தின. ஒவ்வொரு பொறிக்கும் அதனதன் மோட்டர் என்னும் முறை எமது தொழிற்சாலைகளுக்கும் சிறிது சிறிதாக வந்தது. முதலிற் பல இடங்களில் எண்ணெய் எந்திரத்தை அகற்றி ஒரே பெரிய மோட்டரை வைத்தனர். வார்ப்பட்டிகள் அவ்வாறே இருந்தன. இது ஆட்சி மாறியும் வழக்கம் மாறாமைக்கு நல்லதோர் உவமை. தனித்தனி மோட்டர் வந்த பின்னரே வார்ப்பட்டிக் காடு வெளியாயிற்று. ஒவ்வொரு பொறியருகிலும் பச்சையும் சிவப்புமாக இரு பொத்தான்கள் தோன்றின.

அச்சிவப்புப் பொத்தானைச் சற்றே ஆராய்வோம். அதனை அழுத்தும் விரல் மோட்டரின் மின்னோட்டத்தை வெட்டுவதில்லை. அது வெட்டுவது, இரும்பு அகணியில் மெல்லிய செப்புக்கம்பி சுற்றிய சுருளொன்றிற் பாயும் சிற்றோட்டத்தையே. சுருளில் ஓட்டம் உள்ளவரை அது மின்காந்தமாகிப் பெரிய தொடுகைகளை இழுத்துப் பிடித்திருக்கும். ஓட்டம் அற்றதும் வில்லானது அவற்றைப் பிரித்துவிடும். மின்தடைப்பட்டு மீண்டுவரினும் பொறி தானாக ஓடாது. மறுபடியும் பச்சைப் பொத்தானை அழுத்தவேண்டும். ரிலே என்னும் இவ்வமைப்பை அமெரிக்கரான ஜோசப் ஹென்றி 1835அளவில் ஆக்கினார். தந்திச்செய்தி தொலைவிற் சோர்ந்துவிடாமல் புதுவலுப் பெற்றுச் செல்ல அது உதவிற்று. களைத்த குதிரையை மாற்றிப் புதுக்குதிரை பூட்டுதலையும் அச்சொல் முன்னர்க் குறித்தது. நம் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் அதே சொல்லை ‘அஞ்சலோட்டம்’ எனத் தமிழாக்கியுள்ளோம். கோலை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்குகிறார். முதல்வரின் கால்வலி இரண்டாமவருக்குச் செல்வதில்லை. கோல் மட்டுமே செல்கிறது. இதனினும் நல்ல விளக்கத்தை யான் எந்நூலிலும் கண்டிலேன்.

மாணவனின் வினாவுக்கு விடையும் இதுவேயாம். அவன் பலகையின் நுண்செயலி, பாடநூல் வழக்கிற் கூறின் நுண்முறைவழியாக்கி, 5 உவோற்று அழுத்தத்தில் இருபது மில்லியம்பியர் அளவான ஓட்டத்தையே இடரின்றித் தரவல்லது. நாற்பது அதன் எல்லை. சிறு மோட்டரோ புறப்படும் கணத்தில் அதனிற் பன்மடங்கை, சிலபோது ஓர் அம்பியர் வரையிலும் இழுக்கும். அஞ்சற்கோலைக் கொடுக்க வேண்டியவன் தேரையே இழுக்கப் புகுந்தான், முறிந்தான். இடையிலே ஒரு திரான்சிற்றரை வைத்திருப்பின், நுண்செயலி ஓராயிரம் ஓம் தடையினூடாக நான்கு மில்லியம்பியர் அளவே அதன் அடிவாய்க்கு அனுப்பும். மோட்டரின் ஓட்டம் மின்கலத்திலிருந்து திரான்சிற்றர் வழியே பாயும். இன்னொன்றும் வேண்டும். மோட்டரின் சுருள் தன்னுள் ஓடும் மின்னைத் திடீரென நிறுத்த இசையாது. காந்தப்புலம் சுருங்குகையிற் பேரழுத்தமொன்றை எதிர்முகமாக எழுப்பும். ஓடுந்தேரின் முன் கல்லை இட்டாற் கல் நொறுங்குமன்றோ? அவ்வழுத்தம் சுற்றிச்சென்று ஓய்தற்கு மோட்டருக்குக் குறுக்கே இருவாயி ஒன்றை எதிர்த்திசையில் இணைப்பர். சில ரூபாயே விலையுள்ள அவ்வுறுப்பை மறந்தமையால் எரிந்த பலகைகள் உலகில் எத்தனையோ!

திரான்சிற்றர் 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தது. பேரோட்டங்களை ஆளவல்ல தைரிஸ்டர் 1957இல் வந்தது. முதல் வணிக நுண்செயலி 1971இல் வந்தது. அவ்வாண்டையொட்டியே எமது தோட்டங்களும் கைமாறின: 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. பெருவலைப்பின்னல் மின்சாரம் வந்த பின்னர் பல தோட்டங்கள் தம் நீர்ச்சுழலிகளைக் கைவிட்டிருந்தன. 1973இன் எண்ணெய் விலையேற்றம் அவற்றை நினைவூட்டிற்று. 1980களில் பிரித்தானிய இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பினர் இங்கு பழைய நிலையங்களைப் புதுப்பிக்க முனைந்தபோது, உவாற்றின் குண்டுகளைத் தலைகீழாக்கிய உபாயமொன்று பயன்பட்டது. சுமை குறையும்போது நீரைக் குறைப்பதற்குப் பதிலாக, நீரை மாறாது விட்டு, எஞ்சிய மின்னை வெப்பச்சுருளொன்றிற் கழித்துவிடும் இலத்திரனியல் ஆளி அது. அதன் சிறு சுற்று, மீடிறனை இடையறாது அளந்து தைரிஸ்டர்களை ஏவும். விலையுயர்ந்த நீர்வாயில் ஆளி தேவையற்றதாகவே சிற்றருவியும் பயன்பட்டது.

இவ்வரலாற்றின் இன்றைய அரங்கு வாட்டற்றளமாகும். முற்காலத்தில் மேல்மாடிகளிற் சாக்குத்துணித் தட்டுகளிலே கொழுந்தைப் பரப்பினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் நீண்ட வாட்டற்றொட்டிகள் வந்தன; அவற்றின் ஒரு முனையிலுள்ள காற்றாடி கொழுந்தின் கீழிருந்து காற்றை ஊதும். தொழிற்சாலை நுகரும் மின்சாரத்திற் கணிசமான பங்கை இக்காற்றாடிகளே கொள்கின்றன. நனைந்த கொழுந்துக்கு முதலிற் காற்று மிகுதியும் வேண்டும். ஈரம் போகப்போகக் குறைவாகவே போதும். ஆனால் தூண்டல் மோட்டருக்கு ஒரே வேகமே தெரியும். 50 சுற்று மீடிறனுள்ள ஆடலோட்டத்தில் நான்முனை மோட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக்குறைவாக ஓடும், அல்லது நிற்கும். காற்றைக் குறைக்க விரும்பியோர் வாயிலைப் பாதி அடைத்தனர்.

இங்கே இயற்கை ஒரு கொடையை மறைத்து வைத்திருந்தது. காற்றாடி உண்ணும் வலு அதன் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப மாறும். வேகத்தை ஐந்திலொரு பங்கு குறைத்தால் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் வலு எட்டிலொன்றே. இக்கொடையைப் பெறுவதற்கு மின்சாரத்தின் மீடிறனையே மாற்றவேண்டும். அதனைச் செய்வது மீடிறன் மாற்றி என்னும் பெட்டி. வரும் ஆடலோட்டத்தை அது நேரோட்டமாக்கும். ஆறு வலுத்திரான்சிற்றர்கள் அந்நேரோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, வேண்டிய மீடிறனுள்ள மூவவத்தை ஓட்டமாக மீளச் சமைக்கும். எப்போது எதனைத் திறப்பது என்று ஏவுவது உள்ளிருக்கும் நுண்செயலி. அதன் ஒரு முனை அனுப்பும் குறி ஐந்து உவோற்று, ஐந்து மில்லியம்பியர் எனக் கொள்வோமாயின், அதன் வலு 0.025 உவாற்று. அது இடைப்படிகள் வாயிலாக ஆளும் காற்றாடி மோட்டர் 5500 உவாற்று எனின், ஏவலுக்கும் ஏவப்பட்டதற்கும் இடையிலுள்ள விகிதம் ஒன்றுக்கு 2,20,000. முட்டுக்கட்டைக்காரரும் இத்துணைப் பேறு பெற்றிலர்.

இதனை வெறும் வியப்பாக எண்ணவேண்டா. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது, டீசலும் கிடைக்கவில்லை. காற்றாடி நின்ற தொட்டியிற் கொழுந்து வெந்து சிவக்கும். கெட்ட கொழுந்துக்கு விலையில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமளவும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமளவும் உயர்ந்தது. தேயிலையின் ஆக்கச்செலவு ஏறும்போதெல்லாம் அது முதலில் நாட்கூலிப் பேச்சுவார்த்தை மேசையிலேதான் எடுத்துக்காட்டப்படும் என்பதை எம்மவர் நன்கு அறிவர். ஆகையால் காற்றாடிக்குச் செல்லும் மின்சாரம் பாதியாவது, கொழுந்து பறிப்போரின் வீட்டு அடுப்போடும் தொடர்புடைய செய்தியே.

அண்மையில் அம்மாணவர் இருவரையும் அட்டனுக்கு அணித்தான தொழிற்சாலையொன்றுக்கு அழைத்துச் சென்றேன். வாட்டற்றளத்தில் மீடிறன் மாற்றிகள் சுவரில் வரிசையாக நின்றன. பச்சை எழுத்துக்களில் 38, 41 என மீடிறன்கள் ஒளிர்ந்தன. மாணவர் தாம் திருத்தியமைத்த மாதிரியைக் காட்டினர். இம்முறை திரான்சிற்றரும் இருவாயியும் முறைப்படி இருந்தன. அட்டைக் காற்றாடி மெல்லவும் விரைந்தும் சுழன்றது. தலைநரைத்த டீமேக்கர் அதனைக் கூர்ந்து பார்த்து, “நல்லா இருக்கு தம்பிமாரே. கொழுந்து வாடினது இதுக்கு எப்படித் தெரியும்?” என்றார். ஈரமானி பொருத்தலாம் என்று ஒருவன் சொன்னான். அவர் தொட்டியிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளினார், உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துப் பந்தாக்கினார், விரித்தார். பந்து மெல்லத் தளர்ந்தது. முகர்ந்தார். பின்னர் சுவரருகே சென்று குமிழை ஒரு சிறிது இடப்பக்கம் திருப்பினார். எண் 38இலிருந்து 34க்கு இறங்கியது. காற்றாடியின் இரைச்சலும் தாழ்ந்தது.